மரவள்ளிக் குச்சிக்கும் வர்த்தக ஒப்பந்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

சேலம் மாவட்டம் ஆத்தூர், தம்மம்பட்டிப் பக்கம் மரவள்ளி நட யாரும் விதைக் கடைக்குப் போவதில்லை. கிழங்கு பிடுங்கியதும் நல்ல குச்சிகளாகப் பார்த்துக் கட்டி நிழலில் நிறுத்திவைப்பார்கள், அப்புறம் சாண் அளவுக்கு நறுக்கி நடுவார்கள். தேமல் நோய் விழுந்துவிட்டால், யார் காட்டில் முள்ளுவாடி ரகம் நோயில்லாமல் சுத்தமாக இருக்கிறதென்று விசாரித்து அங்கே போய் வாங்கிவருவார்கள். சொந்தக்காரர் என்றால் சும்மா, இல்லையென்றால் காசு.

பதிவு செய்த ரகமாக இருந்தாலும் இப்படிச் சேமிக்க, மாற்றிக்கொள்ள, விற்க விவசாயிக்கு உரிமை உண்டு என்கிறது 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. பிராண்டு போட்டு மட்டும் விற்கக் கூடாது.

இந்தச் சட்டம் வந்ததே ஒரு வர்த்தக ஒப்பந்தத்தால்தான். 1995ல் அமலான டிரிப்ஸ், அதாவது உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம், பயிர் ரகங்களுக்குக் காப்புரிமை கொடு, இல்லையென்றால் உருப்படியான தனி முறை ஒன்றை வகுத்துக்கொள் என்றது. எந்த முறை என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் உழவர் உரிமையை எழுதிவைத்தோம், அது பெரிய காரியம்.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் அதன்பின் வந்த இருதரப்பு ஒப்பந்தங்களில் பணக்கார நாடுகள் யுபோவ் 1991ஐக் கேட்கின்றன. புது ரகம் உருவாக்குகிறவர்களின் உரிமைக்கான சர்வதேச உடன்படிக்கை அது. அதன்படி, பதிவு செய்த ரகத்தின் விதையைச் சொந்தக் காட்டுக்கு எடுத்துவைப்பதே அந்தந்த நாடு விலக்கு அளித்தால்தான். பக்கத்துக்காரருக்குக் கொடுப்பதற்கோ விற்பதற்கோ அந்த விலக்கும் கிடையாது. அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்ட மொராக்கோ, பெரு, கோஸ்டா ரிகா எல்லாம் இதில் சேரவேண்டியதாயிற்று. குவாத்தமாலாவில் 2014ல் இதற்காகவே கொண்டுவந்த சட்டத்தை, மக்கள் தெருவில் இறங்கியதால் சில மாதங்களிலேயே ரத்து செய்தார்கள்.

முள்ளுவாடி மாதிரிப் பழைய ரகங்களுக்கு இதனால் நேரடி ஆபத்து இல்லை, சரி. ஆனால் நாமும் யுபோவில் சேர்ந்து, நாளைக்குத் தேமலைத் தாங்கும் ரகம் ஒன்றைக் கம்பெனி பதிவு செய்துகொண்டு வந்தால், அந்தக் குச்சியை மச்சானுக்கு விற்பதும் உரிமை மீறலாகிவிடும். 2019ல் குஜராத்தில், தான் பதிவு செய்த உருளைக்கிழங்கு ரகத்தைப் போட்டதாகச் சொல்லிச் சிறு விவசாயிகள் நான்கு பேர் மீது பெப்சிகோ தலைக்குச் சுமார் ஒரு கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. அப்போது விவசாய அமைப்புகள் கையில் எடுத்தது இந்த 39ஆம் பிரிவைத்தான். எதிர்ப்பு வலுத்ததும் கம்பெனி வழக்குகளை வாபஸ் வாங்கியது.

நம் நாட்டில் வர்த்தக ஒப்பந்தத்தில் அரசு கையெழுத்திட நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை. சட்டத்தைத் திருத்தும்போதுதான் விஷயம் அங்கே வரும், அதற்குள் வாக்குக் கொடுத்து முடிந்திருக்கும். அதனால் பேச்சுவார்த்தை நடக்கும்போதே, கார் விலை குறையுமா என்பதோடு நிறுத்தாமல், யுபோவ் இருக்கிறதா என்று நம் எம்.பி.க்களிடம் கேளுங்கள்.