முத்திரை விழுந்த மூலை

மூன்றாவது படிக்கும்போது, ஸ்டாம்பின் மேல் விழுந்திருந்த கறுப்பு முத்திரையை ரப்பரால் அழிக்கப் பார்த்தேன். பாதி சிவப்பு, பாதி நீலமாக ஒரு ரப்பர் விற்குமே, அதில் நீலப் பக்கம் மையை அழிக்கும் என்று வகுப்பில் எல்லோரும் சொல்வார்கள். எச்சில் தொட்டுத் தேய்த்தேன். முத்திரை அப்படியே இருந்தது. அதற்கடியில் இருந்த அரண்மனையின் கோபுரம் போய்விட்டது.

அப்பா அப்போது கரூரில் பெட்ஷீட்டும் மேஜை விரிப்பும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கிளார்க். ஜெர்மனி, ஸ்வீடன், டென்மார்க் என்று பல இடங்களிலிருந்து ஆர்டர் கடிதங்கள் வரும். சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து உறையோடு கத்தரித்த துண்டுகளை எடுத்துத் திண்ணையில் வைப்பார். பெரும்பாலும் ஜெர்மன் ஸ்டாம்புகள். மேற்கு ஜெர்மனி 1977-லிருந்து கோட்டைகளும் அரண்மனைகளுமாக ஒரு தொடர் வெளியிட்டது. தினப்படி கடிதத்துக்கான ஸ்டாம்பு என்பதால் அதுவே திரும்பத் திரும்ப வரும். நாய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை மட்டும் என்னிடம் பதினேழு இருந்தது. அதே படத்தில் சிலவற்றில் 'பெர்லின்' என்று ஒரு சொல் கூடுதலாக இருக்கும். மேற்கு பெர்லினுக்குத் தனி ஸ்டாம்பு. கிழக்கு ஜெர்மனிக்கு டி.டி.ஆர். என்று வேறு. ஒரு நாட்டுக்கு நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்க வேண்டியிருந்தது.

ஊறவைக்கிறது ஞாயிற்றுக்கிழமை வேலை. எவர்சில்வர் தாம்பாளத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், துண்டுகளைப் போட்டுக் கால் மணி நேரம். பசை இளகியதும் ஸ்டாம்பு தானாக உறையை விட்டு நழுவும். அவசரப்பட்டு உரித்தால் கிழியும். அப்புறம் தினத்தந்தி மேல் கவிழ்த்துக் காயவைத்து, சுருண்டுகொள்ளாமலிருக்க அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைப்பேன். ஒருமுறை கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்த சிவப்பு உறைத் துண்டையும் மற்றதோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். அப்பா ஓடி வந்தார். "அதைத் தனியா போடு கண்ணு, சாயம் இறங்கும்." அதற்குள் இறங்கிவிட்டது. டென்மார்க் ராணி இன்னமும் என்னிடம் ரோஸ் நிறத்தில்தான் இருக்கிறார்.

சாயம் தெரிந்த அப்பாவுக்குப் பசை தெரியவில்லை. பழைய சோற்றை மசித்து அதை வைத்தே நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் ஒட்டினோம். இரண்டு வருடத்தில் ராமபாணப் பூச்சி சோற்றையும் ஸ்டாம்பையும் சேர்த்துத் தின்றது. சேகரிப்பவர்களிடம் இதைச் சொன்னால் நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறார்கள்.

நாட்டின் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் அந்த வயதில் பெரிய விளையாட்டு. 'ஹெல்வெட்டியா' அட்லஸில் கிடையாது. அது சுவிட்சர்லாந்து. 'மகியார் போஸ்டா' ஹங்கேரி. 'சுவோமி' பின்லாந்து. ரஷ்ய ஸ்டாம்பில் 'நொய்டா' என்று எழுதியிருப்பதாக நம்பி, தலைநகர் எது என்று பூகோள டீச்சரிடமே கேட்டிருக்கிறேன். அது ரஷ்ய எழுத்தில் 'போச்தா', அதாவது தபால். எழுத்தின் வடிவம் ஆங்கிலம் மாதிரி இருந்ததால் வந்த வினை. ஒரு ஸ்டாம்பில் பெயரே இல்லை, ராணியின் தலை மட்டும். ஸ்டாம்பு என்ற ஒன்றையே முதலில், 1840 மே மாதம், வெளியிட்ட நாடு பிரிட்டன். அப்போது வேறு யாரிடமும் இல்லாததால் பெயர் போடத் தேவைப்படவில்லை. அந்தச் சலுகை இன்றுவரை தொடர்கிறது. ஒருநாள் சின்னதாக ஒரு ஸ்டாம்பில் 'இலங்கை' என்று தமிழிலேயே எழுதியிருந்தது. வெளிநாட்டு ஸ்டாம்பில் நம் எழுத்து! அதை மட்டும் நோட்டில் ஒட்டாமல் பென்சில் டப்பாவில் ஒரு வருடம் வைத்துக்கொண்டு சுற்றினேன். ராமபாணத்திடமிருந்து தப்பியதும் அதனால்தான்.

ஜவஹர் பஜாரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் கண்ணாடித்தாள் பொட்டலத்தில் ஸ்டாம்பு விற்பார்கள். ஐம்பது ஸ்டாம்பு இரண்டு ரூபாய். அதில் 'அஜ்மான்' ஸ்டாம்புகள் நிறைய இருக்கும். பெரிது பெரிதாக, பளபளவென்று. பூனைகள், விண்வெளி வீரர்கள், ஐரோப்பிய ஓவியங்கள். முத்திரையும் ஒழுங்காக மூலையில் மட்டும், கால் வட்டமாக, படத்தைத் தொடாமல் விழுந்திருக்கும். அப்பா கொண்டுவருகிற ஜெர்மன் ஸ்டாம்புகளில் முத்திரை மூக்கிலும் முகத்திலும் விழுந்து கிடக்க, அஜ்மான் தபால்காரர்கள் எவ்வளவு பொறுப்பானவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கல்லூரி படிக்கும்போது திருச்சியில் ஒரு ஸ்டாம்பு கண்காட்சி. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் என் அஜ்மான் பூனைகளைப் பெருமையாகக் காட்டினேன். அவர் இடுக்கியால் ஒன்றை எடுத்துத் திருப்பி, விளக்குக்குக் கீழே பிடித்தார். "பின்னால பாரும்மா." பின்பக்கம் பசை அப்படியே மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு மூலையை நாக்கில் வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. கடிதத்தில் ஒட்டி, ஊர் கடந்து வந்து, தண்ணீரில் ஊறி எடுத்த ஸ்டாம்பில் பசை எப்படி மிச்சமிருக்கும்?

அந்த முத்திரை அச்சகத்திலேயே போட்டது. 1960-களின் நடுவிலிருந்து அஜ்மான், ஷார்ஜா, ஃபுஜைரா போன்ற சின்னச் சின்ன வளைகுடா ஆட்சிகள், ஸ்டாம்பு அடிக்கும் உரிமையை வெளிநாட்டு ஏஜெண்டுகளிடம் கொடுத்துவிட்டன. அவர்கள் உலகத்துப் பிள்ளைகளுக்காக ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். 'மனாமா' என்று வரும் ஸ்டாம்பை பஹ்ரைனின் தலைநகர் என்று நான் எழுதி வைத்திருந்தேன். அது அஜ்மானுக்குச் சொந்தமான, உள்நாட்டில் கிடக்கும் ஒரு சின்னக் கிராமமாம். 1971 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் உருவானது. அடுத்த வருடத்தோடு இந்த வியாபாரம் நின்றது. பொட்டலங்கள் மட்டும் எங்கள் ஊர்க் கடைவரை வந்துகொண்டே இருந்தன. என் பூனைகள் ஒரு தபால் பையைக்கூடப் பார்த்ததில்லை என்று தெரிந்த அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. அன்றிலிருந்து எந்த ஸ்டாம்பு கையில் கிடைத்தாலும் முதலில் திருப்பித்தான் பார்ப்பேன். படம் அப்புறம்.

அதற்குள் அப்பாவின் கம்பெனியில் ஃபேக்ஸ் வந்திருந்தது. கடிதம் குறைந்தது. வந்த சிலவற்றிலும் மெஷின் அடித்த சிவப்பு முத்திரைதான், ஸ்டாம்பு கிடையாது. படிப்பு, ஆடிட்டர் ஆபீஸ் வேலை, கல்யாணம், ஸ்ரீரங்கத்தில் குடித்தனம். இருபது வருடம் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.

2013-ல் என் மகள்தான் போஸ்ட்கிராசிங் பற்றிச் சொன்னாள். போர்ச்சுகலைச் சேர்ந்த பாலோ மகல்யாய்ஸ் என்பவர் 2005 ஜூலையில் தொடங்கிய இணையதளம். முன்பின் தெரியாத ஒருவரின் முகவரியும் ஓர் எண்ணும் தருவார்கள். அந்த எண்ணை எழுதி ஒரு பிக்சர் போஸ்ட்கார்டு அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்து அவர் பதிவு செய்ததும், வேறெங்கோ இருக்கும் இன்னொருவருக்கு நம் முகவரி போகும். யாருக்கு அனுப்பினோமோ அவரிடமிருந்து வராது. மொய் மாதிரி கணக்குப் பார்க்க முடியாத ஏற்பாடு. எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் வருடம் எங்கள் போஸ்ட்மேன் ஒவ்வொரு கார்டையும் முன்னும் பின்னும் படித்துவிட்டுத்தான் தருவார். "லிதுவேனியாவுல யாரும்மா உங்களுக்கு?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். "யாருமில்லாமயா மழை பெய்யுதுன்னு எழுதியிருக்காங்க?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது அவரே, "இன்னைக்கு தைவான்மா, ஸ்டாம்பு நல்லா இருக்கு" என்று கீழேயிருந்து குரல் கொடுக்கிறார்.

முந்நூற்றுச் சொச்சம் கார்டு வந்திருக்கும். ஸ்டாம்பை விட எனக்கு இப்போது முத்திரைதான் முக்கியம். ஜப்பானில் ஊருக்கு ஊர் தபால் நிலையங்களில் அந்த ஊரின் மலையோ பாலமோ கோயிலோ வரைந்த பட முத்திரை வைத்திருக்கிறார்கள். கவுண்டரில் கேட்டால் செங்காவி நிற மையில் குத்தித் தருவார்கள். நம் நாட்டிலும் சுற்றுலா ஊர்கள் பலவற்றில் உண்டு, கேட்பவர்கள்தான் குறைவு. பின்லாந்தில் ஆர்க்டிக் வட்டத்தின் மேலேயே, ரொவானியெமி பக்கத்தில், கிறிஸ்துமஸ் தாத்தாவின் தபால் நிலையம் இருக்கிறது. அங்கே இரண்டு பெட்டி. ஒன்றில் போட்டால் உடனே போகும். இன்னொன்றில் போட்டால் கிறிஸ்துமஸுக்குத்தான் போகும். அங்கிருந்து எனக்குக் கார்டு அனுப்பிய பெண் அவசரத்தில் இரண்டாவதில் போட்டுவிட்டாள். 'கொசு தாங்க முடியவில்லை, வெயில் கொளுத்துகிறது' என்று ஜூலையில் எழுதியது மார்கழிப் பனியில் வந்து சேர்ந்தது. போஸ்ட்கிராசிங்கில் அறுபது நாள் தாண்டினால் காலாவதிக் கணக்கு. பாவம், அவள் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். எனக்கு அதைவிடப் பிடித்த கார்டு கிடையாது.

வருத்தம் என்னவென்றால், பாதிக் கார்டுகளில் முத்திரையே விழுவதில்லை. அடியில் மெஷின் அடித்த ஆரஞ்சுக் கோடுகள் மட்டும் இருக்கும். ஸ்டாம்பு புத்தம்புதிதாக, ஏழாயிரம் கிலோமீட்டர் வந்த களைப்பே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். சில இடங்களில் முத்திரைக்குப் பதில் பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கி விடுகிறார்கள். நான் அனுப்பும்போது கவுண்டரில் நின்று, "கொஞ்சம் கையால குத்திடுங்க சார், ஊர் பேர் தெரியிற மாதிரி" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன். 'டப்' என்று அந்தச் சத்தம் கேட்டால்தான் கார்டு கிளம்பிய மாதிரி இருக்கிறது.

சரி, இது என் பைத்தியம் மட்டும் இல்லை. டிரெஸ்டனில் இருக்கும் ஒரு போஸ்ட்கிராசிங் நண்பர் என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு ஸ்டாம்பு அனுப்பினார். 1923-ல் ஜெர்மனியில் பணவீக்கம் உச்சத்தில் இருந்தபோது அச்சடித்தது. மதிப்பு 50 மில்லியார்டன் மார்க். நம் கணக்கில் ஐயாயிரம் கோடி. அந்தத் தொடரில் அதற்குமேல் மதிப்புள்ள ஸ்டாம்பு இல்லை. கூடவே ஒரு குறிப்பு: 'முத்திரை இல்லாதது, அதனால் விலை மலிவு, சங்கடப்பட வேண்டாம்.' தபால் கட்டணம் நாளுக்கு நாள் ஏறியதால் பல ஸ்டாம்புகளுக்குச் சில நாட்களே வேலை இருந்தது. ஒட்டப்படாமலே கட்டுக்கட்டாகத் தங்கிப்போயின. அந்தச் சில நாட்களுக்குள் உண்மையாகவே ஒரு கடிதத்தில் போய், முத்திரை வாங்கியவைதான் அபூர்வம். அதனால் மீந்த ஸ்டாம்பில் போலி முத்திரை குத்தி விற்றவர்கள் உண்டு. முத்திரை நிஜமா என்று சோதித்துச் சொல்வதற்கென்றே அங்கே நிபுணர்கள் இருக்கிறார்கள். அந்தப் போலி முத்திரைக்காரர்கள் அஜ்மான்காரர்களுக்கு அண்ணன்கள்.

இப்போது எதையும் ஊறவைப்பதில்லை. கார்டு கார்டாகவே இருக்கிறது. முகவரி, மழை, கொசு, முத்திரை எல்லாம் ஒன்றாக. ஆனால் கரூர் ஸ்டாம்புகளைப் பார்க்கும்போது கை கடுக்கிறது. எத்தனை உறைகளைக் கத்தரித்து எறிந்திருக்கிறோம். எந்த ஊர், எந்தக் கடை, எதற்காக எழுதினார்கள் என்பதெல்லாம் உறையோடு போய்விட்டது. கையில் இருப்பது முத்திரையின் கால் வட்டம். ராமபாணம் விட்டுவைத்த நாய்ஷ்வான்ஸ்டைன் ஒன்றில் '…பர்க்' என்ற முடிவும், 12.3.85 என்ற தேதியும் இருக்கின்றன. ஹாம்பர்க்கா, ஃப்ரைபர்க்கா, ஆக்ஸ்பர்க்கா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் முன்னெழுத்து தெரியவில்லை. அது கத்தரியின் அந்தப் பக்கம் போய்விட்டது.

போன பொங்கலுக்கு அப்பா வந்திருந்தார். எண்பத்தொரு வயது, ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறது. சும்மா அதை அவர் உள்ளங்கையில் வைத்து, "எந்த ஊர் அப்பா இது?" என்றேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். ஊரைப் பார்த்ததாகத் தெரியவில்லை, தேதியைத்தான் பார்த்தார்.

"எண்பத்தஞ்சு மார்ச்சுங்களா… அது அந்தக் கட்டம் போட்ட டேபிள் கிளாத் பார்ட்டி, கண்ணு. சிவப்பும் வெள்ளையும். ரெண்டாவது லாட்டு, சாயம் போவுதுன்னு நாலு பேலத் திருப்பி அனுப்பிட்டான்."