கருஞ்சிவப்பு இலை நைன்பார்க்: வெயிலும் கவாத்து நாளும்

வாங்கி வந்தபோது கறுப்புத் திராட்சை நிறத்தில் இருந்த செடி மூன்றாம் வருஷம் பச்சையாகி நிற்கிறது, பூவும் இல்லை. நைன்பார்க் வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இதுதான். இரண்டும் ஒரே நோய் என்று நினைத்து உரம் போடுகிறார்கள். உரக்குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நிறம் போவது வெயில் குறைந்ததால். பூ போவது பெரும்பாலும் தப்பான மாதத்தில் கத்தரி எடுத்ததால். இந்த இரண்டையும் சரியாகப் பிடித்துக்கொண்டால், இவ்வளவு குறைந்த கவனிப்பில் இவ்வளவு அழகு தரும் புதர்கள் ரொம்பக் குறைவு.

தாவரவியல் பெயர் ஃபைசோகார்பஸ் ஒபுலிஃபோலியஸ். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி இதன் தாயகம். ஆற்றோரங்களிலும் பாறைச் சரிவுகளிலும் தானாக வளர்வது. ரோஜாக் குடும்பம். வயதான தண்டுகளில் பட்டை நீளநீளமான நாடாக்களாக, அடுக்கடுக்காக உரிந்துகொண்டே இருக்கும். ஓர் அடுக்கை விலக்கினால் அடியில் இன்னொன்று. அதனால்தான் 'ஒன்பது பட்டை' என்று பொருள்படும் நைன்பார்க் என்ற பெயர். காட்டுச் செடியின் இலை பச்சை. கருஞ்சிவப்பு இலை, தோட்டத்துக்காகத் தேர்ந்தெடுத்த ரகங்களில் மட்டும்தான். அவற்றில் முதலில் பெயர் வாங்கியது ஜெர்மனியிலிருந்து வந்த 'டையப்லோ'.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது இலை உதிர்த்துக் குளிரில் உறங்கும் செடி. மைனஸ் 35 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஆனால் குளிர்காலமே இல்லாத இடத்தில் சரியாக வராது. வருஷம் முழுவதும் வெப்பமாக இருக்கும் ஊரில் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

ரகத்தைத் தேர்வு செய்யும்போது இலை நிறத்தைவிட முழு வளர்ச்சி அளவைப் பாருங்கள். 'டையப்லோ' இரண்டரை முதல் 3 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட அதே அகலம். கடையில் 40 சென்டிமீட்டர் தொட்டிச் செடியாகப் பார்க்கிறவருக்கு இது நம்ப முடியாது. ஜன்னலுக்கு அடியில் நட்டுவிட்டு நாலாம் வருஷத்திலிருந்து ஆண்டுதோறும் தலையை வெட்டிக்கொண்டிருப்பார்கள். இடம் நடுத்தரமாக இருந்தால் 'சம்மர் வைன்': 'டையப்லோ'வையும் 'நானஸ்' என்ற குட்டை ரகத்தையும் கலந்து உண்டாக்கியது, ஒன்றரை முதல் 2 மீட்டரில் நிற்கும், இலையும் நுணுக்கமாக இருக்கும். பாதையோரத்துக்கும் தொட்டிக்கும் 'லிட்டில் டெவில்', சுமார் ஒரு மீட்டர். 'காப்பர்டினா'வில் 'டையப்லோ'வோடு மஞ்சள் இலை ரகமான 'டார்ட்ஸ் கோல்ட்' கலந்திருக்கிறது. துளிர் செம்பு நிறத்தில் வந்து பிறகு சிவப்பாக மாறும். கறுப்புதான் வேண்டும் என்பவர்கள் அதை வாங்கி ஏமாற வேண்டாம்.

இப்போது நிறத்தின் விஷயம். அந்தக் கருஞ்சிவப்பு, அந்தோசயனின் என்ற நிறமி. பச்சையம் இலையில் எப்போதும் இருக்கிறது. அதன் மேல் இந்த நிறமி திரைபோலப் படர்ந்திருப்பதால் நமக்கு இலை கறுத்துத் தெரிகிறது. வலுவான வெளிச்சம் படும்போது செடி இதை நிறைய உண்டாக்கும். நிழலில் உற்பத்தி குறையும், அடியில் இருந்த பச்சை வெளியே தெரியும். ஒரே புதரிலேயே இதைப் பார்க்கலாம்: வெளிப்பக்கத்துக் கிளையை ஒதுக்கிவிட்டு உள்ளே எட்டிப் பாருங்கள், வெயில் படாத இலைகள் மங்கிய ஆலிவ் பச்சையில் இருக்கும். சில சமயம் ஒரே இலையில், மேலே இன்னோர் இலை மூடியிருந்த பகுதி மட்டும் அதன் விளிம்பு வடிவத்திலேயே பச்சையாகப் பதிந்திருக்கும்.

ஆகவே தினம் குறைந்தது 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். 4 மணி நேரத்தில் செடி உயிரோடு இருக்கும், ஆனால் கோடை நடுவில் பழுப்புப் பச்சையாகிவிடும். வெப்பமும் நிறத்தைக் குறைக்கும். கடுங்கோடை உள்ள இடங்களில் முழு வெயிலில் நின்றாலும் முற்றிய இலைகள் வெண்கலப் பச்சைக்கு நகர்வது இயல்பு. அதற்காகக் கவலைப்பட வேண்டாம், இலையுதிர்காலக் குளிர்ச்சியில் சிவப்பு மறுபடி ஏறும். கவலைப்பட வேண்டியது வேறொன்று: தூரிலிருந்து ஒரு சிம்பு மட்டும் முழுப் பச்சையாக, மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்தால், அது மூல இனத்தின் குணத்துக்குத் திரும்பிய கிளை. விட்டுவைத்தால் நாலைந்து வருஷத்தில் புதரையே அது பிடித்துக்கொள்ளும். கண்ட அன்றே, அது கிளம்பும் இடம் வரை போய் வெட்டிவிடுங்கள். பாதியில் வெட்டினால் இரண்டாகக் கிளைக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பார்வைக்கு ரொம்ப முக்கியம். கறுத்த வேலிக்கு முன்னால் இதை நடாதீர்கள். பத்தடி தள்ளி நின்றால் செடியே தெரியாது. காலை வெயிலோ மாலை வெயிலோ செடியின் பின்னாலிருந்து வரும்படி இடம் பார்த்தால் ஒவ்வோர் இலையும் உள்ளே விளக்கேற்றியதுபோலச் சிவந்து தெரியும். முன்னால் சாம்பல்வெள்ளை இலையுள்ள ஆர்ட்டிமீசியா, லாவெண்டர் போன்ற குட்டைச் செடிகள் நன்றாக எடுபடும்.

நடுவதற்கு இலையுதிர்காலத் தொடக்கமோ வசந்தத் தொடக்கமோ நல்லது. மண்ணைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. களிமண், மணல் எதிலும் வரும், நீர் தேங்கி நிற்கக் கூடாது என்பதே நிபந்தனை. சுண்ணாம்பு மிக அதிகமான மண்ணில் மட்டும் இரும்புச் சத்து கிடைக்காமல் நரம்புகளுக்கு நடுவே இலை வெளிறும். குழி, வேர்ப்பந்தைப் போல இரண்டு மடங்கு அகலம். ஆழமோ வேர்ப்பந்தின் உயரம் மட்டும், ஒரு விரற்கடைகூட அதிகம் வேண்டாம். குழிக்குள் உரத்தைக் கொட்டி நிரப்புகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். குழி மட்டும் வளமாக இருந்தால் வேர் வெளியே போகாமல் அங்கேயே சுற்றும். மட்கு உரம் நாளாக ஆகக் கரைந்து செடியும் கீழே இறங்கும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். தொட்டிக்குள் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் பந்தின் பக்கவாட்டில் மூன்று நாலு இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறி, அடிப்பாகத்தை விரல்களால் பிரித்துவிட்டு நடுங்கள். இரக்கப்பட்டு அப்படியே வைத்தால் ஐந்து வருஷம் கழித்தும் அந்த வட்டம் வட்டமாகவே இருக்கும்.

நட்டதும் 10 லிட்டர் தண்ணீர் மெதுவாக. பிறகு 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்கு: மரச்சீவலோ காய்ந்த இலையோ, தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு. முதல் கோடை முழுவதும் மழை இல்லாத வாரங்களில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 10 லிட்டர். மேலே 10 சென்டிமீட்டர் தோண்டிப் பார்த்து ஈரம் இருந்தால் அந்த முறை விட்டுவிடலாம். மூன்றாம் வருஷத்திலிருந்து நீண்ட வறட்சியில் மட்டும் ஊற்றினால் போதும். உரம் என்று வேண்டுமானால் வசந்தத் தொடக்கத்தில் ஒரு வாளி மட்கு உரம். தழைச்சத்து மிகுந்த ரசாயன உரம் வேண்டவே வேண்டாம்: நீளமான, மெத்தென்ற சிம்புகள் கிளம்பி மழையில் சாயும், பூ குறையும், சாம்பல் நோய்க்கும் அவைதான் முதல் இரை.

நட்டு முதல் இரண்டு வருஷம் கவாத்து கிடையாது. ஒடிந்ததையும் காய்ந்ததையும் மட்டும் எடுங்கள். அதற்குப் பிறகு வருவதுதான் முழுக் கவனத்தோடு செய்ய வேண்டிய வேலை.

நைன்பார்க் முந்தைய வருஷத்துக் குச்சியில்தான் பூக்கும். இந்தக் கோடையில் வளரும் குச்சியில் மொட்டுக்கான அடித்தளம் இலையுதிர்காலத்துக்குள் உருவாகி, குளிர்காலம் முழுவதும் கணுக்களில் உறங்குகிறது. வசந்தத்தில் ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரு குட்டைத் துளிர் வந்து அதன் நுனியில் பூங்கொத்து விரியும். மொட்டில் இளஞ்சிவப்பு, விரிந்தால் வெள்ளை, ஒரு கொத்து 3 முதல் 5 சென்டிமீட்டர் அகலம். கறுத்த இலைமேல் அது உட்கார்ந்திருக்கும் அழகுக்காகத்தான் இந்தச் செடியையே வளர்க்கிறோம். குளிர்காலத்தில் செடி மொட்டையாக, கிளைகள் கலைந்து நிற்கும்போது 'கொஞ்சம் ஒழுங்குபடுத்துவோம்' என்று கை துறுதுறுக்கும். அப்போது நுனிகளைச் சுற்றிலும் வெட்டினால் அந்த வசந்தத்துப் பூவை அப்படியே வெட்டிக் குப்பையில் போட்டதாகிவிடும். ஆழ்ந்த கோடையிலும் இலையுதிர்காலத்திலும் வெட்டினாலும் அதே கதி.

சரியான நேரம், பூ வாடிய இரண்டு மூன்று வாரங்களுக்குள். முறை: வேலிபோல மேலே சீவக் கூடாது. தூருக்குப் போய், தண்டுகளை எண்ணுங்கள். பட்டை உரிந்து, கட்டைவிரலைவிடப் பருத்தவை பழையவை. மொத்தத் தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு வரும்படி அவற்றை, மண்ணிலிருந்து 5 சென்டிமீட்டர் விட்டு, சிறு ரம்பத்தால் அறுத்து எடுங்கள். மொத்தம் ஒன்பது தண்டு இருந்தால் மூன்று. உச்சியில் மற்ற கிளைகளோடு பின்னியிருக்கும் என்பதால் முழுத்தண்டையும் இழுக்காமல் இரண்டு மூன்று துண்டாக்கி வெளியே எடுத்தால் பக்கத்துத் தண்டுகள் கிழியாது. வெட்டிய இடத்துப் பக்கத்தில் புதுச் சிம்புகள் கிளம்பி அதே பருவத்தில் ஒரு மீட்டருக்கு மேல் நீளும். அடுத்த வசந்தத்தில் வளைந்து பூப்பவை அவைதான். மூன்று வருஷத்தில் புதர் முழுக்கப் புதுசாகிவிடும், ஒரு வருஷம்கூடப் பூ தவறாது.

பூ உதிர்ந்ததும் கொத்துகளைக் கிள்ளிவிடச் சொல்கிறவர்கள் உண்டு. வேண்டாம். பூவுக்குப் பிறகு வரும் சிறு காய்கள் பலூன்போல உப்பி, கோடையில் நல்ல சிவப்பாகிக் கொத்துக் கொத்தாக நிற்கும். பழைய தண்டுகளை மட்டும் எடுத்தால் மீதியில் காய் நிலைக்கும். பட்டையின் அழகு குளிர்காலத்துக்கு வேண்டும் என்பவர்கள் மிகப் பழைய தண்டு ஒன்றிரண்டை வெட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். இளம் தண்டில் பட்டை உரியாது.

பல வருஷம் கவனிக்காமல் அடி வெறுமையாகி மேலே மட்டும் இலை நிற்கும் புதரை, குளிர்காலக் கடைசியில், துளிர்க்கும் முன், முழுவதையும் 15 சென்டிமீட்டருக்கு வெட்டிவிடலாம். தாங்கும். அந்த வருஷம் பூ இருக்காது என்று தெரிந்தே செய்யுங்கள். மறு வருஷம் முதல் மேலே சொன்ன முறை.

நோய் என்றால் முக்கியமாக ஒன்றே ஒன்று, சாம்பல் நோய். நுனித் துளிரைப் பாருங்கள்: இலைகள் குறுகி, சுருண்டு, நெருங்கி, மாவில் தோய்த்தெடுத்த குஞ்சம்போல வெண்மையாக நிற்கும். கறுத்த இலை என்பதால் தூரத்திலேயே கண்ணில் படும். வேரில் வறட்சியும் சுற்றிலும் ஈரக்காற்றும் காற்றோட்டமின்மையும் சேரும்போது வரும். இந்தப் பூஞ்சைக்கு இலை நனைய வேண்டும் என்ற தேவையே இல்லை. பாதித்த குஞ்சத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே வெட்டி அப்புறப்படுத்துங்கள், மட்குக் குழியில் போடாதீர்கள். வருஷாவருஷம் வந்தால் நனையும் கந்தகத் தூளைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கரைத்துத் துளிர்ப்பருவத்திலேயே தெளிக்கலாம். வெள்ளை படர்ந்த பிறகு தெளித்துப் பயன் குறைவு, வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் நாளில் தெளித்தால் இலை கருகும். உண்மையான மருந்து, நடுவில் இருக்கும் பழைய தண்டுகளை எடுத்துக் காற்று உள்ளே போக வழி விடுவதும் செடிக்குச் செடி இடைவெளியும்தான். 'டையப்லோ'வுக்குத் தனிச்செடியாக இரண்டரை முதல் 3 மீட்டர், வேலியாக ஒரு மீட்டருக்குக் குறையாமல். துளிரில் அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போய்விடும்.

செடியைப் பெருக்க விதை உதவாது. விதைச் செடிகள் தாய்ச்செடியின் நிறத்தை அப்படியே தருவதில்லை. போத்து நடுவது எளிது. கோடைத் தொடக்கத்தில், வளைத்தால் வளைந்து பிறகு ஒடிகிற பதத்தில் இருக்கும் இளங்குச்சியை 10 சென்டிமீட்டரில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடி இலைகளை நீக்கி, மேலே இரண்டு இலை விட்டு, அவையும் பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்குங்கள். பெர்லைட்டும் தென்னை நார்க்கழிவும் சரிபாதிக் கலவையில், ஒரு கணு உள்ளே போகும்படி நட்டு, பாலித்தீன் பையால் மூடி நிழல் வெளிச்சத்தில் வையுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் விடும். இழுத்துப் பார்க்காமல், தொட்டியின் அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். பொறுமை இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியை 20 சென்டிமீட்டரில் வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி நேரே நிலத்தில் ஊன்றுவது இன்னும் சுலபம். தலைகீழாக ஊன்றிவிடாமல் இருக்க அடிப்பக்கத்தை நேராகவும் நுனிப்பக்கத்தைச் சாய்வாகவும் வெட்டிக்கொள்ளுங்கள். வசந்தத்தில் அவை துளிர்த்ததும் வேர் பிடித்துவிட்டது என்று பிடுங்கி மாற்ற வேண்டாம். அந்தத் துளிர் குச்சியின் சேமிப்பிலிருந்து வருவது. அடுத்த இலையுதிர்காலம் வரை அங்கேயே இருக்கட்டும்.