கதிரை வளையமும் ஒரு மெல்லிய பிணைப்பும்

ஆறு காபன் வளையமான சைக்கிளோஎட்சேன் கதிரை வடிவில் மடிந்திருக்கும். அதில் ஒரு மெதயில் கூட்டம் (CH₃) ஏறினால், அறை வெப்பநிலையில் 100க்கு 95 மூலக்கூறுகளில் அது பக்கவாட்டில், மத்தியகோட்டு நிலையில்தான் இருக்கும். வளையத்துக்குச் செங்குத்தான அச்சு நிலைக்கு நிமிர மூலுக்கு ஏறத்தாழ 7.3 கிலோயூல் செலவு. உயர்தர வகுப்பில் இதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

1,3-டையொக்சேன்-5-ஓல் இந்த விதியைப் புரட்டிப்போடும். ஈர்க்கிலும் களிமண்ணிலும் ஆறு முனை வளையம் செய்து, 1, 3ஆம் முனைகளை ஒட்சிசனாக வையுங்கள். 5ஆம் முனையின் ஐதரொட்சில் நிமிர்ந்து நின்றால், அதன் ஐதரசன் வளையத்துக்கு மேலே சரிந்து அந்த ஒட்சிசன்களைத் தொடப் பார்க்கும். இதுதான் ஐதரசன் பிணைப்பு. கோணம் நேராக இல்லை, பிணைப்பும் மெலிந்தது. ஆனாலும் காபன் நாற்குளோரைட்டில் அச்சு நிலையே வெல்கிறது. நீரில் கரைத்தால் நீர் மூலக்கூறுகளே ஐதரொட்சிலைப் பிடித்துக்கொள்ளும். அச்சு நிலைக்கு இருந்த அனுகூலம் குறைந்துவிடும்.

சோதிக்க அகச்சிவப்பு நிறமாலை போதும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணையாதபடி கரைசலை 0.005 மூல்/லீற்றருக்குக் கீழே ஐதாக்குங்கள். பிணைந்த ஐதரொட்சில் காட்டும் தாழ்ந்த அலையெண் பட்டை அப்போதும் மறையாவிட்டால் பிணைப்பு மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறது.

சோதனை பிழையாவது பெரும்பாலும் ஈரத்தால். வாவிக் காற்றில் திறந்து வைத்த கரைப்பானில் ஏறும் நீர் 3,616 cm⁻¹ஐ ஒட்டிப் பட்டை காட்டும். பிணையாத, சுயாதீன ஐதரொட்சிலின் பட்டையும் அங்கேதான். கரைசல் கலத்தின் உப்புச் சாளரமும் ஈரத்தில் மங்கும், கல்சியம் புளோரைட்டு நல்லது. காபன் நாற்குளோரைட்டு ஈரலுக்கு நஞ்சு, புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே ஊற்றவே கூடாது.