ஒளிச்சேர்க்… கை!

‘தாவரம் தன் உணவைத் தானே தயாரிப்பதற்குப் பெயர் ஒளிச்சேர்க்…’ என்று டீச்சர் இழுப்பார். ‘கை!’ என்று வகுப்பே ஒரே சுருதியில் கத்தும். டீச்சருக்குத் திருப்தி, பிள்ளைகளுக்கும் திருப்தி. நாற்பது பேரில் முப்பது பேருக்குத் தெரிந்தது அந்தக் ‘கை’ மட்டும்தான்.

நான் 27 வருஷமாக அறிவியல் எடுக்கிறேன். அதில் முதல் பத்து வருஷம் இந்தக் ‘கை’யை வாங்கியே ஓட்டியவள். அதனால் இந்த வருஷம் பி.எட். பயிற்சிக்கு வந்த மூன்று பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊருக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், பாக் கடல் ஓரத்தில் இருக்கிறது. அலை அடங்கிக் கிடப்பதால் இந்தப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். வகுப்பில் பாதிப் பேர் வலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள்.

அன்று அந்த மூவரில் ஒருவர் ஒன்பதாம் வகுப்புக்கு ‘பாய்மங்கள்’, அதாவது திரவமும் வாயுவும் பற்றிய பாடம் எடுத்தார். பயிற்சி டீச்சரின் பாடக்குறிப்பு ஏட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல் என்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கேள்வி எழுதியிருந்தார். 1956-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமும் கூட்டாளிகளும் வகுத்த கற்றல் படிநிலை இன்னும் பி.எட். ஏடுகளில்தான் பத்திரமாக இருக்கிறது. கேள்வியும் நல்ல கேள்வி: ‘இரும்பு ஆணி முங்குது, இரும்புக் கப்பல் ஏன் மிதக்குது?’

கேட்டார். நான் கண்ணை ஒரு தடவை மூடித் திறப்பதற்குள் அவரே பதிலையும் சொல்லிவிட்டார். ‘புரிஞ்சுதா?’ ‘புரிஞ்சுது மிஸ்!’

சாயங்காலம் பூவரச மரத்தடியில் இதைச் சொன்னபோது அவர் கேட்டார், ‘மேடம், கேட்டுட்டு சும்மா நின்னா கிளாஸ் கத்தாதா? ஹெச்.எம். அந்தப் பக்கம் போனா பாடம் நடத்தலைன்னு நினைக்க மாட்டாரா?’ நியாயமான பயம். அமைதி வந்தால் டீச்சருக்குத்தான் கை நடுங்கும், பிள்ளைகளுக்கு இல்லை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970-களில் இதை ஒலிநாடாவில் பதிந்து அளந்திருக்கிறார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் காத்திருப்பது சராசரியாக 1 நொடி. அதை 3 நொடிக்கு மேல் கொண்டுபோனால் பதில் நீளுகிறது, ‘தெரியலை’ குறைகிறது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசுகிறார்கள். பிள்ளைகளே கேள்வி கேட்கவும் தொடங்குகிறார்கள். அவர் இரண்டு இடத்தில் காத்திருக்கச் சொன்னார்: கேள்விக்குப் பிறகு ஒன்று, பதிலுக்குப் பிறகு ஒன்று. இரண்டாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. பதில் வந்த கையோடு ‘வெரிகுட்’ போட்டுவிடுகிறோம். போட்டால் கதை முடிந்தது. மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

எண்ணுவதற்கு என் வழி, மனசுக்குள் ஒரு குறள் சொல்வது. அவசரமில்லாமல் சொன்னால் ஆறேழு நொடி ஆகும். முதல் வாரம் குறள் மறந்துபோகும், பரவாயில்லை.

நான் காத்திருக்கக் கற்றது பி.எட். வகுப்பில் இல்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் குடிதண்ணீருக்கு ஊற்றுக்குத்தான் போக வேண்டும். கடற்கரை மணலில் ஆள் இடுப்பளவு தோண்டியிருப்பார்கள். அடியில் நன்னீர் கசியும். நான் அவசரத்தில் சிரட்டையை அழுத்தி அள்ளினால் கலங்கல்தான் வரும். பக்கத்து வீட்டு அக்கா, ‘விடுங்க டீச்சர், ஊறட்டும்’ என்று குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். குடம் நிறைய முக்கால் மணி ஆகும்.

மறுநாள் அதே பாடத்தை நான் எடுத்தேன். கேள்வியைக் கொஞ்சம் கரைக்குக் கொண்டுவந்தேன். ‘வலையில் கட்டுற ஈயக்குண்டு முங்கும். அதே ஈயத்தைத் தட்டித் தட்டிக் கிண்ணமா ஆக்கித் தண்ணியில விட்டா?’ சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி குறள். முதல் வரி முடிந்தது. யாரோ பேனா மூடியைக் கடித்தார்கள். இரண்டாம் வரியும் முடிந்தது. ஒரு பெண் குழந்தை, ‘மிதக்கும் டீச்சர். உள்ள காத்து இருக்குல்ல, அது தூக்குது.’

முழுதாகச் சரியில்லாத பதில், அதனால்தான் பொன் மாதிரியான பதில். ‘தப்பு’ என்றும் சொல்லவில்லை, ‘சபாஷ்’ என்றும் சொல்லவில்லை. ‘பாதிக் கிண்ணம் மணல் போட்டா காத்து பாதிதானே, முங்கிடுமா?’ என்றேன். இப்போது வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. நாட்டுப்படகு வைத்திருக்கும் வீட்டுப் பையன் எழுந்தான். ‘மீன் ஏத்த ஏத்த படகு இறங்கும் டீச்சர், ஆனா முங்காது. விளிம்புக்கு மேல தண்ணி ஏறினாத்தான் போச்சு.’ ‘எவ்வளவு ஏத்தினா எவ்வளவு இறங்கும்?’ என்று கேட்டேன். அதற்குப் பிறகு ஆர்க்கிமிடிஸையும் அவருடைய மிதப்பு விதியையும் கரும்பலகைக்குக் கூப்பிட நான் சிரமப்படவே இல்லை. பகுதிக்குப் பகுதி விளக்கம் சொல்லியிருந்தால் பத்து நிமிஷம், இதற்கு முப்பது நிமிஷம். போர்ஷன் முடிக்கணுமே என்பவர்களுக்கு: எல்லாக் கேள்விக்கும் இப்படி நிற்காதீர்கள். அலகும் சூத்திரமும் மடமடவென்று கேட்க வேண்டியவை. ஒரு பாட வேளைக்கு ஒரு கேள்விக்கு நின்றால் போதும்.

இன்னொன்று. கேள்வியை முதலில் சொல்லுங்கள், பெயரை அப்புறம். ‘ஏய், நீ எழுந்திரு’ என்று தொடங்கினால் மற்ற 39 பேருக்கும் விடுதலை.

இதை எழுதும்போது ஒரு முகம் வந்து நிற்கிறது. மூன்றாம் வருஷமோ நான்காம் வருஷமோ, வேறொரு ஊரில் இருந்தேன். ஒரு பையன் முதல் பீரியடில் தூங்கி வழிந்தான். ‘எழுந்திரு. நியூட்டனின் மூன்றாம் விதி?’ அவனுக்குத் தெரியாது என்று தெரிந்தேதான் கேட்டேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். நான்கு நாள் வரவில்லை. வெள்ளனவே, மூன்று மணிக்கெல்லாம் அப்பாவோடு கரைவலை இழுத்துவிட்டு வந்தவன் என்று அப்புறம்தான் தெரிந்தது. கயிற்றை நாம் இழுத்தால் கயிறு நம்மை இழுக்கும் என்பது அவன் உள்ளங்கைக்குத் தெரியும். எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. கேள்வியைப் பிரம்பாக்கியவள் நான். அதனால் இன்று ‘தெரியலை டீச்சர்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டு பேர் பேசிய பிறகு அவனிடமே திரும்பி வருவேன்: ‘இவங்க சொன்னதுல எது சரின்னு படுது?’

கலாம் சொன்ன கதை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பு, சிவசுப்பிரமணிய ஐயர் பலகையில் பறவை வரைந்து அது எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றான் சிறுவன் கலாம். மற்றவர்களும் அப்படியே சொல்ல, சாயங்காலம் எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பறக்கும் பறவையைக் காட்டினார். மேடைகளில் எல்லாரும் அந்தக் கடற்கரையைப் புகழ்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, வாத்தியார் முகத்துக்கு நேராக ‘புரியலை’ என்று ஒரு பையன் சொல்ல முடிந்த அந்த வகுப்பறை.

பயிற்சியின் கடைசி நாள் அதே டீச்சர் அதே வகுப்பில் திரவ அழுத்தம் எடுத்தார். ‘பாட்டிலில் மேல ஒரு ஓட்டை, கீழ ஒரு ஓட்டை. எதுல தண்ணி தூரமாப் பாயும்? ஏன்?’ கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். சாக்பீஸை உருட்டும் விரல் மட்டும் ஆடியது. வெளியே ஒரு விசைப்படகு என்ஜினைக் கிளப்பி அணைத்தது. யாரும் பதில் சொல்லவில்லை. நானே என் குறளை இரண்டாவது தடவை தொடங்கிவிட்டேன்.

ஓரத்தில், அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போகும் பிள்ளை கையைத் தூக்கியது. ‘மிஸ், முங்கும்போது காது வலிக்குமே, அதுவும் இதுதானா? அப்போ மீனுக்கு வலிக்காதா?’

பயிற்சி டீச்சர் சட்டென்று என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினேன்.