அப்துல்லாபுரம், 850 மீட்டர், விளக்கில்லாத இரவு

ஓடுபாதை விளக்கு இல்லாமல் இரவில் சிறு விமானத்தை இறக்குவது நெருக்கடிக்கு மட்டுமே. இந்தியாவில் சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குமேல் கண்பார்வையை நம்பிப் பறக்கப் பொதுவாக அனுமதி இல்லை. கட்டுப்பாட்டு மையத்தின் இசைவோடு நடக்கும் உள்ளூர், பயிற்சிப் பறப்புகளே விலக்கு. வேலூர் இருக்கும் 13 டிகிரி அட்சரேகையில் அந்தி வெளிச்சமும் ஏறக்குறைய 22 நிமிடம்தான். விதி சொல்வதும் கண் சொல்வதும் ஒன்றே.

அதனால் முதலில் எரிபொருளைப் பாருங்கள். வேலூரிலிருந்து நேர்கோட்டில் அரக்கோணம் கடற்படைத் தளம் சுமார் 70 கிலோமீட்டர், திருப்பதி 95, சென்னை 120. செஸ்னா 172 என்ற சிறு விமானம் 110 நாட் (மணிக்குச் சுமார் 204 கிலோமீட்டர்) வேகத்தில் சென்னையை 35 நிமிடத்தில் எட்டும். 20 லிட்டர்போல செலவாகும். இருந்தால் அங்கே போய்விடுங்கள். ரேடாருக்கு அடையாள எண் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் நெருக்கடி எண் 7700, ரேடியோவில் நெருக்கடி அலைவரிசை 121.5. நெருக்கடி என்று அறிவித்துவிட்டால் கடற்படை ஓடுபாதையையும் கேட்கலாம், தயங்க வேண்டாம்.

அதுவும் முடியாதபோதுதான் வேலூரின் சிறு விமானநிலையமான அப்துல்லாபுரம். ஓடுபாதை சுமார் 850 மீட்டர், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 760 அடி. பக்கத்திலேயே பெங்களூர் நெடுஞ்சாலை ஓடுவதால் இடத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஆனால் அந்த வண்டி விளக்கு வரிசையைத் தொடுவானம் என்று கண் நம்பிவிடும். சாலை சரிந்து தெரிந்தால் இறக்கையையும் சரிப்பீர்கள். செயற்கைத் தொடுவானக் கருவியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். ஜவ்வாது மலை இருட்டில் தெரியாது. வரைபடத்தில் அருகிலுள்ள மிக உயரமான குன்றுக்கு 1,000 அடி மேலே வட்டமிட்டு, நேர்கோட்டில் வந்த பிறகே இறங்கத் தொடங்குங்கள்.

முன்னால் இருட்டு, தூரத்தில் ஊர் வெளிச்சம் என்றால் உயரமாக இருப்பதாகவே மனம் சொல்லும். விமானி தன்னையறியாமல் தாழ்ந்து, ஓடுபாதைக்கு முன்பே தரையைத் தொடுவார். தேர்ந்த விமானிகளுக்கும் இது நடக்கும் என்பதை போயிங்கின் கான்ராட் கிராஃப்ட் 1960களிலேயே சோதித்துக் காட்டினார். மாற்று, எண்கள்தான். ஜிபிஎஸ் காட்டும் தூரத்தில் ஒவ்வொரு கடல்மைலுக்கும் 300 அடி, அதோடு ஓடுபாதையின் 760: 3 மைலில் ஆல்டிமீட்டர் (காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவி) 1,660, 2 மைலில் 1,360, 1 மைலில் 1,060. வேகம் 65 நாட், நிமிடத்துக்கு 325 அடி இறக்கம். காற்றழுத்த அளவைத் தூரத்து நிலையத்திலிருந்து வாங்கினால் 3 ஹெக்டோபாஸ்கல் பிசகுக்கே 80, 90 அடி ஏமாற்றும். கடைசி 100 அடிக்கு ஆல்டிமீட்டரை நம்பக் கூடாது.

கீழே ஆள் இருந்தால் மூன்று கார் போதும். முதலில் ஒரு கார் முழு நீளமும் இரண்டு முறை ஓடி, மாடு, நாய், ஆள் இல்லையென்று பார்க்கட்டும். பிறகு இறங்கும் முனையில் இரு பக்கமும், ஓரத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி, ஒவ்வொரு கார். காரின் முகப்பு, விமானம் போகும் திசையில், சற்று உள்நோக்கி, ஹெட்லைட் டிம்மில். மூன்றாவது கார் மறுமுனையில் ஓரமாக, பின்புறத்தைக் காட்டி, சிவப்பு விளக்கோடு. எந்த ஹெட்லைட்டும் விமானியின் முகத்தில் படக் கூடாது. கார் இல்லாவிட்டால் பால்பவுடர் டின்னில் மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். காய்ந்த புல் இருந்தால் சுற்றிலும் செதுக்கிவிட்டு வையுங்கள். 100 மீட்டருக்கு ஒரு ஜோடி என்றால் 18 டின். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் லைசாண்டர் சிறு விமானங்கள் பிரான்ஸின் வயல்களில் மூன்றே மூன்று கைவிளக்குகளை வைத்து இறங்கின. ஆனாலும் இரு வரிசை விளக்கு காட்டும் சாய்வை ஒற்றை வரிசை காட்டாது.

இனி கடைசி 50 அடி. பெரும்பாலான விமானங்கள் உடைவது இங்கேதான். தரை எங்கே என்று தெரியாமல் 15 அடியிலேயே மூக்கைத் தூக்குவார்கள். வேகம் போய் விமானம் கல்லாக விழும், முன்சக்கரம் மடங்கும். ஆகவே ஃபிளேர், அதாவது கடைசியில் மூக்கைத் தூக்கி இறக்கத்தை நிறுத்துவது, செய்யாதீர்கள். முழு ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடிப்பு), 65 நாட், மூக்கு லேசாக மேலே, நிமிடத்துக்கு 150 அடி இறக்கம். அதற்கு வேண்டிய பவர் 1,700 ஆர்பிஎம் அருகே வரும். உங்கள் விமானத்தின் எண்ணைப் பகலிலேயே பழகிக் குறித்து வையுங்கள். அப்படியே பிடித்துக்கொண்டு சக்கரம் தொடும்வரை காத்திருங்கள். கண்ணாடிபோன்ற நீரில் கடல்விமானம் இறங்கும் முறை இது.

ஆனால் இது இடத்தைத் தின்னும். 50 அடியில் தொடங்கினால் 20 விநாடி, 670 மீட்டர். ஓடுபாதை முனைக்கு நேர்மேலே தொடங்கினால் 850இல் மிஞ்சுவது 180. உருண்டு நிற்கவே 200 வேண்டும். ஆகவே முனைக்கு 300 மீட்டர் முன்னேயே 50 அடிக்கு வந்துவிட வேண்டும். நம்மூர்த் தென்னை 60 அடி வளரும்! அந்தப் பாதையில் தோப்போ மின்கம்பியோ உண்டா என்று பகலில் நடந்து பார்த்திருக்க வேண்டும். இருந்தால் முனைவரை 325 அடி இறக்கத்திலேயே வந்து, கார் விளக்குகளைச் சுமார் 30 அடியில் கடந்து, அவை மூக்குக்குக் கீழே மறையும்போது 150க்கு மாறுங்கள். 400 மீட்டரில் தொடுவீர்கள், 450 மிஞ்சும்.

லேண்டிங் லைட் எரிந்தால் பெரும் உதவி. பழைய 4509 பல்பின் ஆயுள் 25 மணிநேரம்தான், எல்இடி போட்டுவிடுங்கள். தூரத்தில் வெறும் சாம்பல் வட்டமாகத்தான் தெரியும். அந்த வட்டத்துக்குள் தாரின் ஜல்லி தனித்தனியாக, வெடிப்பில் முளைத்த புல் தாளாகத் தெரிந்தால் தரை அருகில். மார்கழிப் பனியில் அதே விளக்கு வெள்ளைச் சுவராக நிற்கும், அப்போது அணைத்துவிடுங்கள்.

தொட்டதும் எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுதும் இழுத்து, யோக்கை (விமானத்தின் ஸ்டீயரிங்) பின்னால் பிடித்தபடி, மெதுவாக பிரேக். ஓரம் தேடித் திரும்பாமல் ஓடுபாதையிலேயே நில்லுங்கள். உடனே எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்சர் பிடியை இழுத்து எஞ்சினை நிறுத்துங்கள். விளக்கைப் பார்த்து ஓடிவருபவர்களுக்குச் சுழலும் விசிறி இருட்டில் தெரியாது. அது நின்ற பிறகுதான் கதவு.