மூடிய பிறகு யாரும் பார்க்காத ஜெட்

விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் எனக்குப் பிடித்த வேலை ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பது. கட்டரால் டப்பாவைச் சுற்றி அறுத்து, மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடிப்பேன். மினுங்கும் துகளைக் காந்தம் இழுத்தால் இரும்பு. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டோ லிஃப்டரோ தேய்கிறது. இழுக்காவிட்டால் அலுமினியமாக இருக்கலாம், பிஸ்டன் பக்கம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இன்ஜின் இப்படி முன்கூட்டியே சொல்லிவிடும். சொல்லாமல் வரும் கோளாறும் உண்டு.

2015 மார்ச் 5. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் சாண்டா மோனிகா. நடிகர் ஹாரிசன் ஃபோர்டு, 1942இல் செய்த ரயன் பிடி-22 ரகச் சிறு விமானத்தில் தனியாகக் கிளம்பினார். கொஞ்ச நேரத்திலேயே இன்ஜின் சக்தி போய்விட்டது. திரும்பி வரக் கேட்டார். ஓடுபாதையை எட்ட உயரம் போதவில்லை. அருகிலிருந்த கோல்ஃப் மைதானத்தில், மர உச்சியில் இடித்து விழுந்தது விமானம். பலத்த காயத்தோடு பிழைத்தார்.

காரணம், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள், பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பாகமான மெயின் ஜெட். மரை நாளாவட்டத்தில் தளர்ந்து, இருந்த இடத்தைவிட்டுக் கழன்று, 90 டிகிரி திரும்பியிருந்தது. இன்ஜின் நின்றால் பெட்ரோல் வரவில்லை என்றுதான் முதலில் தோன்றும். இங்கே அளவுக்கு மீறி வந்து, அதற்கேற்ற காற்று இல்லாமல் சக்தி விழுந்தது.

அந்தக் கார்புரேட்டரைப் புதுப்பித்து ஏறத்தாழ 17 வருடம் ஆகியிருந்தது. அதற்குள் இருக்கும் ஜெட்டைத் தொடர்ந்து சோதிக்கச் சொல்லும் பராமரிப்புக் குறிப்பே இல்லை என்றது விசாரணை அறிக்கை. என்னை உலுக்கியது இந்த வரிதான். ஜெட் தளர்வதை எந்த ஃபில்டரும் காட்டாது. புதுக் குறிப்பு எழுத இன்ஜினைச் செய்த கின்னர் நிறுவனமும் இன்று இல்லை. தோள் பெல்ட்டிலும் குறை இருந்தது: பின்னாளில் சேர்த்தது, அதைப் பொருத்திய இருக்கை முதுகுக்கு வலுவூட்டவில்லை, அந்த முதுகு உடைந்ததால் காயம் கூடியது.

“புக்ல இல்லையே சார்” என்று கேட்கும் ஜூனியர்களிடம் இந்த அறிக்கையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். கார்புரேட்டருக்குள் கடைசியாகக் கை பட்ட தேதியைத் தனியாகக் குறித்துவைக்கவும் சொல்கிறேன். அதிகம் பறக்காத விமானத்தில்தான் இது மறந்துபோகிறது. பறந்த மணிக்கணக்கு ஏறாது, வருடங்கள் ஏறிவிடும். திறந்து பார்க்க ஆகும் செலவைச் சொன்னால் சில உரிமையாளர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அடுத்த ஆய்வின்போது மறுபடியும் கேட்பேன்.