வேலியிட்டது யாசித்த நெல்லுக்கு

திருநெல்வேலிக்குப் பேர் வந்ததே யாசித்துக் கிடைத்த நெல்லால்தான். வேதசர்மா என்ற அடியவர் தினமும் வீடு வீடாகப் போய் நின்று, கிடைத்த நெல்லைக் கொண்டு இறைவனுக்கு அமுது படைத்துவந்தார். ஒருநாள் அந்த நெல்லைச் சன்னதி முன்பு காயப்போட்டுவிட்டுத் தாமிரபரணிக்குக் குளிக்கப் போனார். திடீரென்று மழை கொட்டியது. நெல் நனைந்தால் அன்றைக்கு அமுது இல்லை. பதறி ஓடிவந்து பார்த்தால் சுற்றிலும் வெள்ளம், நெல் மட்டும் வேலி கட்டியதுபோல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதனால்தான் சுவாமிக்கு நெல்வேலிநாதர் என்று பேர். தைப்பூசத் திருவிழாவின் நான்காம் நாள் இந்தத் திருவிளையாடல் கோயிலிலேயே நடக்கும். நெல்லையப்பரைத் தரிசிக்க வருகிறவர்கள் இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டு கோபுர வாசலைக் கடந்தால், அங்கே கையேந்தி உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்க்கிற பார்வை மாறும்.

ஆர்ச் பக்கமிருந்து வந்தாலும் சந்திப்பிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தாலும் கடைசியில் கோபுரத்துக்கு முன்னால்தான் நிற்போம். பூக்கடை, தேங்காய்க்கடை, செருப்பு விடுகிற இடம், அதற்கப்புறம் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் ஆச்சிகளும். காந்திமதி அம்மன் வாசலிலும் இதே வரிசைதான். திங்கள், வெள்ளி, பிரதோஷம், அமாவாசை என்றால் வரிசை நீளும். புதன், வியாழனில் சுருங்கும். சஷ்டி, விசாகம் வந்தால் பலர் திருச்செந்தூருக்குப் போய்விடுவார்கள். வெள்ளி மதியம் மேலப்பாளையம் பள்ளிவாசல்கள், ஞாயிறு காலை பாளையங்கோட்டை தேவாலயங்கள். கையேந்துகிறவர்களின் பஞ்சாங்கம் மூன்று மதத்துக்கும் பொது.

வாசலைக் கடப்பவர்கள் பேசிக்கொண்டு போவதைக் கொஞ்ச நேரம் கேட்டாலே ஊரின் மனசு தெரிந்துவிடும். "கையும் காலும் நல்லாத்தான இருக்கு, வேல செஞ்சு பொழைக்கலாம்லா." "ஒருத்தருக்குப் போட்டா ஒம்பது பேரு சுத்திக்கிடுவாங்க." "குடிக்கத்தான் போவும்." அதே வாயில், "பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்பதும் வரும். போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டவரே, திரும்பி வரும்போது நெற்றி நிறையத் திருநீறோடு பத்து ரூபாய் நீட்டுவதும் உண்டு.

கையும் காலும் நன்றாக இருப்பதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பீடி சுற்றியே ஆயுளைக் கழித்த பெண்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கண் மங்கி, விரல் மரத்துப்போன பிறகு ஒரு நாளில் இருநூறு சுற்றுவதே பெரும்பாடு. பார்ப்பவர் கண்ணுக்கு அந்த ஆச்சியின் கையும் காலும் நன்றாகத்தான் தெரியும். மனநலம் குன்றி வீட்டைவிட்டு வந்தவர்களுக்கும் அப்படித்தான்.

கடைவீதிக்கென்று தனி வழக்கங்கள் உண்டு. காலையில் போணி ஆகாமல் கல்லாவிலிருந்து காசு வெளியே போகாது. "போணி ஆவல, பொறவு வாங்க" என்பது விரட்டல் ஆகாது, வழக்கம். வெள்ளிக்கிழமைகளில் பல கடைகளில் ஒரு டப்பாவில் நாணயங்களைப் போட்டு வைத்திருப்பார்கள். வியாபாரம் சூடுபிடித்த பிறகு வரிசையாக வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். சேர்ந்த சில்லறையைச் சாயங்காலம் அதே கடையில் கொடுத்து நோட்டாக மாற்றிக்கொள்வதும் நடக்கும். வீடுகளிலோ விளக்கு வைத்த பிறகு காசும் அரிசியும் கொடுப்பதில்லை. பழகிய ஆட்கள் அந்த நேரத்தில் வாசலில் நிற்கமாட்டார்கள். தெரியாமல் நின்று ஏச்சு வாங்குகிறவர் ஊருக்குப் புதியவராக இருப்பார். எங்கிருந்து வந்தார், சாப்பிட்டாரா, வீட்டுக்குத் திரும்ப வழி தெரியுமா என்று முதலில் கேட்கப்பட வேண்டியவர் அவர்தான்.

காசு கொடுப்பதானால் சில்லறையை வீட்டிலேயே எண்ணி எடுத்துக்கொண்டு வருவது நல்லது. கோபுர வாசலில் நின்று பர்ஸைத் திறந்து நோட்டை உருவினால் நான்கு பக்கமிருந்தும் கை நீளும். அந்த நெருக்கடியில் கோபம் வரும், கோபத்தில் ஏச்சு வரும், தரிசனத்தின் நிம்மதி அங்கேயே போய்விடும். தரிசனம் முடித்துத் திரும்பும்போது, வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கிக் கொடுத்துக்கொண்டே வாசலை நோக்கி வருவது எளிது. கோபுரத்துக்குப் பக்கத்து இடங்கள் பழையவர்களுக்கு என்பது வரிசையின் ஒழுங்கு. செருப்புக்கடைப் பக்கம் ஒதுங்கியிருப்பவர்களுக்கு மிச்சம்தான் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுக்க வேண்டும். ஒருவருக்குப் பத்தும் அடுத்தவருக்கு ஒன்றும் என்றால், கொடுத்தவர் போன பிறகு அங்கே சண்டை நடக்கும். தூக்கிப் போடக் கூடாது. குனிந்து, கையில் வைத்து, "வாரேன் ஆச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். கொடுக்க இல்லையென்றாலும் முகம் பார்த்து "இன்னைக்கு இல்ல தாத்தா" என்று சொல்லலாம். கேட்காததுபோல் கடந்து போவதுதான் அவர்களை அதிகம் நோகடிப்பது.

குழந்தைகளுக்கு மட்டும் காசு கொடுக்கவே கூடாது. கைக்குழந்தையைக் காட்டிக் கேட்டாலும் காசு வேண்டாம். பிஸ்கட்டோ பழமோ பிரித்துக் கையில் கொடுத்து, அங்கேயே சாப்பிட வைக்கலாம். பிரிக்காத பால்பவுடர் டின்னைத் திரும்ப விற்க முடியும் என்பதால், அதைக் கேட்டால் பாலாகவே வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது. குழந்தையைப் பிச்சைக்கு அனுப்புவது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்ல வேண்டும்.

அன்னதானத்தில்தான் நல்ல மனசோடு செய்கிற தப்புகள் அதிகம். ஜோசியர் சொன்னபடி சனிக்கிழமை ஊனமுற்றோருக்கு உணவு, அமாவாசைக்கு முன்னோர் பேரில் பொட்டலம் என்று எல்லோரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் கொண்டுவருகிறார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஒருவர் மடியில் ஐந்தாறு பொட்டலம் சேர்ந்துவிடும். சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். மறுநாள் வாசலோரத்தில் கொட்டிக்கிடக்கும் சோற்றைப் பார்த்து, "சோத்தோட அருமை தெரியாத ஆளுங்க" என்று ஊர் ஏசும். அவர்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை, மூடி வைக்கப் பாத்திரம் இல்லை, கை கழுவத் தண்ணீரும் பக்கத்தில் இல்லை. அதே ஆட்களுக்குப் புதன்கிழமை ராத்திரி ஒரு இட்லி கிடைப்பது கஷ்டம். நாளை மாற்றிக்கொள்ள மனசு வரவில்லையென்றால் நேரத்தையாவது மாற்றலாம். காலை ஏழு மணிக்கு நான்கு இட்லி, அல்லது ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பொட்டலம்.

பொட்டலத்துக்குப் புளியோதரையோ எலுமிச்சை சாதமோ சரியாக இருக்கும், ராத்திரி வரைக்கும் தாங்கும். சாம்பார் சாதமும் தேங்காய்ச் சட்னியும் இந்த ஊர் வெயிலுக்கு மூன்று, நான்கு மணி நேரத்தில் கெட்டுவிடும். தயிர் சாதம் கொடுப்பதானால் பாலில் பிசைந்து, தயிர் கொஞ்சமாக உறை ஊற்றியதுபோல் சேர்க்க வேண்டும். ஒரு கிலோ அரிசி வடித்தால் எட்டிலிருந்து பத்துப் பொட்டலம் வரும். சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டு, ஆவி போன பிறகே வாழையிலையில் கட்ட வேண்டும். சூட்டோடு பிளாஸ்டிக் கவரில் அடைத்தால் உள்ளே வேர்த்து, மதியமே வாடை வந்துவிடும். பல் போனவர்கள் பாதிப்பேர் இருப்பார்கள், அதனால் சோறு குழைவாக இருக்கட்டும். காரமும் வறுத்த கடலையும் குறைவாக இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் பொட்டலத்தோடு கட்டாயம் வேண்டும்.

தினமும் நடக்கிற ஏற்பாடுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அறநிலையத் துறைக் கோயில்களில் மதிய அன்னதானத் திட்டம் 2002இல் தொடங்கியது. திருச்செந்தூரில் 2021இலிருந்து நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. நன்கொடைக்கு ரசீது தருவார்கள், பிறந்தநாள் பேரிலோ திதி பேரிலோ கட்டலாம். ஆனால் வாசலில் இருப்பவர்களில் சிலர் அந்தப் பந்திக்குப் போவதில்லை. தவழ்ந்து வருகிறவர்களால் அந்த வரிசையில் நிற்க முடியாது. அழுக்கு வேட்டியோடு போனால் பக்கத்து இலைக்காரர் முகம் சுளிப்பார் என்ற கூச்சம் வேறு. கூடவே நடந்துபோய் ஒரு இலையில் உட்கார வைத்துவிட்டு வரலாம். அது ஒரு பொட்டலத்தைவிடப் பெரிய காரியம்.

துணி விஷயத்துக்கு வந்தால், பாபநாசத்தை நினைத்துத்தான் வருத்தப்பட வேண்டியிருக்கிறது. பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருகிறார்கள். தாமிரபரணியின் அடியில் சேர்ந்து கிடப்பதை மூட்டை மூட்டையாக வாரி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் துணியைத் துவைத்துக் கரையில் இருக்கிறவருக்குக் கொடுத்தால் ஆறும் பிழைக்கும். மார்கழியில் எல்லோரும் கம்பளியே கொடுக்கிறார்கள். ஐந்து கம்பளியை வைத்துக்கொள்ள அவர்களுக்கு இடமேது? ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டியது தடிமனான பிளாஸ்டிக் விரிப்பும் குடையும். மற்றபடி எப்போதும் உதவுவது ரப்பர் செருப்பு, துண்டு, சோப்பு, கொசு மருந்து, நகவெட்டி, பெண்களுக்கு உள்பாவாடையும் நாப்கினும்.

இதே சீமையில் கையேந்துவதையே நேர்த்திக்கடனாகச் செய்யும் கோயிலும் இருக்கிறது. திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருப்பவர்கள் காளி, குறவன், குறத்தி, ராஜா, பிச்சைக்காரர் என்று வேடம் கட்டி, குழுக் குழுவாக ஊர் ஊராகப் போய்த் தர்மம் எடுப்பார்கள். சேர்ந்த காசு பத்தாம் நாள் சூரசம்ஹாரத்தோடு அம்மன் உண்டியலுக்குப் போய்விடும். வீட்டில் வசதி உள்ளவரும் அந்த நாட்களில் அடுத்தவர் வாசலில் தட்டு ஏந்தி நிற்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல். ஊரும் மனசாரப் போடுகிறது. கடைக்காரர் எழுந்து நின்று போடுகிறார், பெண்கள் பிள்ளைகளின் கையால் போடச் சொல்கிறார்கள். வேடத்துக்குப் போட்டால் அது தர்மம், நிஜமாகவே இல்லாதவர் கேட்டால் அது பிச்சை என்று ஆகிவிட்டது. காப்புக் கட்டி ஒருமுறை தட்டு ஏந்தியவர்கள் மற்ற நாட்களில் அந்த வரிசையைக் கடக்கும்போது, வெயிலில் நின்ற கால்வலியையும், கதவு சாத்தப்பட்டபோது நெஞ்சில் பட்டதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த விரதத்தின் பலன் அதில் இல்லாமல் வேறெதில் இருக்கும்?

"போலீஸ்ல சொல்லி அள்ளிட்டுப் போகச் சொல்லணும்" என்கிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் பிச்சைத் தடுப்புச் சட்டம் 1945இலிருந்தே இருக்கிறது. பிச்சை எடுப்பதைத் தடை செய்யக் கேட்ட வழக்கில், வேறு வழியில்லாமல் கையேந்துகிறவர்களை மேட்டுக்குடிப் பார்வையோடு அணுக முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அள்ளிக்கொண்டு போகப்பட்டவர்கள் சில நாளில் அதே இடத்துக்குத் திரும்புவதற்குக் காரணமும் இருக்கிறது. தங்குமிடங்களில் ஆணும் பெண்ணும் தனித்தனி என்பதால் வயதான புருஷன் பெண்டாட்டி பிரிய வேண்டியிருக்கும். ராத்திரி கதவு சாத்துகிற நேரம் ஒத்துவராது. பல வருடம் பழகிய கோயில் வாசல்தான் அவர்களுக்கு ஊரும் உறவும்.

நிலையாக உதவ நினைப்பவர்கள் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து முதியோர் உதவித்தொகைக்கு அலையலாம். மாதம் 1,000 ரூபாயாக இருந்தது 2023இல் 1,200 ஆனது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு மூன்றும் வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வருவார். மனு தட்டிப்போவது பெரும்பாலும் அங்கேதான். கோயில் வாசலுக்கு விலாசம் கிடையாது. ரேஷன் கார்டில் மகன் பேர் இருந்தால் ஆதரவற்றவர் என்று ஏற்கத் தயங்குவார்கள், அவன் பத்து வருடமாகத் திரும்பிப் பார்க்காதவனாக இருந்தாலும். விரல்ரேகை தேய்ந்தவர்களுக்கு ஆதாரில் கருவிழிப் பதிவைச் சரிபார்க்கக் கேட்க வேண்டும். விதவை உதவித்தொகைக்குக் கணவரின் இறப்புச் சான்று இல்லாமல் ஒன்றும் நகராது. முதியோருக்கு வழி கேட்க 14567 என்ற எண் இருக்கிறது.

ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின நாள், எட்டாம் திருநாள், நெல்லையப்பர் கங்காளநாதராக ரதவீதியில் எழுந்தருளுவார். கங்காளர் பலி ஏற்கிற கோலம். பழைய பதிகங்களில் பலி என்றால் பிச்சை. பிச்சைப் பாத்திரத்தைத் தலையில் சுமந்தபடி ஒரு பூதம் அவர் பக்கத்தில் நிற்கும். அன்றைக்குக் கூட்டம் நெருக்கும் என்பதால் வாசல் வரிசை கலைந்து, ரதவீதிக் கடைகளின் படிகளுக்கு நகர்ந்திருக்கும். உணவு கொண்டுபோகிறவர்கள் சப்பரம் புறப்படும் முன்பே கொடுத்துவிட வேண்டும். புறப்பட்ட பிறகு தெருவைக் கடக்க முடியாது, தவழ்ந்து வருகிறவர்களால் சுவாமியைப் பார்க்கவும் முடியாது. அவர்களுக்குப் படியில் கொஞ்சம் உயரமான இடமாகப் பார்த்து, தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் போதும்.